கூரைக்கு வேட்டி கட்டினோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஈரத் துண்டை உதறிக் கம்பியில் போடப் போனபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஜார்ஜ்டவுனில் எங்கள் ஃப்ளாட் பதினோராவது மாடியில் இருக்கிறது. வாசலில் நின்று குனிந்தால் நேர் கீழே எங்கள் சங்கத்தின் கல்யாண மண்டபம். தாழ்வாரத்தின் மறுகோடியில் இருப்பவர்களுக்குக் கடல் தெரியும் பக்கம் கிடைத்தது; எங்களுக்குத் தகரம் தெரியும் பக்கம். நீண்டு அகன்ற தகரக் கூரை. ஒரு காலத்தில் சிவப்புச் சாயம் அடித்திருந்தார்களாம். இப்போது சாயம் எது, துரு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பழுப்பு.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. அந்தப் பெரிய கூரையின் வெறும் தகரத்தில் ஒரு புறாகூட இல்லை. எங்கே போயின என்று தேடினால், எல்லாப் புறாவும் வடக்கு மூலையில் ஒரே இடத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பேருந்தில் ஏறியவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. அந்த மூலையில் மட்டும் ஒரு வெள்ளைப் படுதா விரிந்திருந்தது. எப்போதோ மழை ஒழுகியபோது, ஏதோ கல்யாணப் பந்தலில் மிஞ்சிய படுதாவைப் போட்டு நாலு பழைய டயரை மேலே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். "தற்காலிகமாக" என்று சொன்னதாகக் கேள்வி. அது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம்.

புறாவுக்குக் கால் சுடுகிறது. வெள்ளையில் மட்டும் சுடவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது: அந்தப் படுதாவுக்கு நேர் கீழே, மண்டபத்துக்கு உள்ளே, யார் உட்கார்ந்திருப்பார்? சங்கத் தலைவர்! அது அவருடைய குபேர மூலை. வாஸ்து பார்த்து, வடக்கே குபேரன் இருக்கிறார் என்று சொல்லி, அங்கே ஒரு செதுக்கு நாற்காலியைப் போட்டிருந்தார். மண்டபம் முழுக்க அடுப்பாக இருக்கும்போது அந்த மூலை மட்டும் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். எல்லாக் கல்யாணத்திலும் பெரியவர்கள் அந்த நாலைந்து நாற்காலிக்குத்தான் சண்டை போடுவார்கள். "குபேர கடாட்சம்" என்பார் தலைவர், விசிறிக்கொள்ளாமல்.

குபேரனும் இல்லை ஒன்றும் இல்லை. பந்தல் படுதா!

சந்தோஷத்தில் பிடியை விட்டேன். துண்டு மெதுவாகச் சுழன்று சுழன்று போய்க் கூரையில் விழுந்தது. நான் உள்ளே ஓடினேன்.

உள்ளே போர் நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இடம் மட்டும் நிச்சயமாகவில்லை. மாப்பிள்ளை வீடு கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸ். அவர்கள் எங்கே என்றாலும் சரி என்றுவிட்டார்கள். அக்காவுக்குக் கடற்கரை ஹோட்டலில் ஏர்கோன் போட்ட ஹால் வேண்டும். அப்பாவோ மண்டபத்தின் செயலாளர். எத்தனையோ பேருக்கு "நம்ம மண்டபம் இருக்கும்போது ஹோட்டல் எதுக்கு?" என்று சொல்லிச் சொல்லியே பதிவு செய்து கொடுத்தவர். அவருடைய சொந்த மகள் ஹோட்டலுக்குப் போனால் அவர் எந்த முகத்தோடு அலுவலக அறையின் பூட்டைத் திறப்பார்? அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. டிவியை ஊமையாக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அது கடைசி ஆயுதம். அம்மா இரண்டு பக்கமும் சேராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, புறா எல்லாம் வெள்ளைப் படுதாலதான் உட்கார்ந்திருக்கு!"

"சரி. நானும் போய்ப் பக்கத்துல உட்காரவா?"

"இல்லக்கா, மண்டபத்துக் கூரை முழுசையும் வெள்ளையாக்கிட்டா? உள்ள சூடே இறங்காது. நாங்க பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரிக் கூரைங்களுக்குப் பண்றோம்லா. அதையே நம்ம மண்டபத்துக்குப் பண்ணா என்ன?"

நான் கட்டடப் படிப்பு முடித்துவிட்டு, பெரிய கூரைகளைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் அதைப் பற்றி நான் பேசாத நாள் இல்லை. அதனால் யாரும் கேட்ட நாளும் இல்லை. அன்றைக்குத்தான் அப்பா முதல்முறையாக டிவிக்குச் சத்தம் கொடுத்து, பிறகு அதை அணைத்தே விட்டார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு கண்டிஷன். என் மேக்கப் மூக்குக்குக் கீழ இறங்கக் கூடாது. மழை ஒரு சொட்டு என் தலையில விழக் கூடாது. இதுல ஒண்ணு நடந்தாலும் உன் கல்யாணத்த அதே தகரத்துக்கு அடியில, பங்குனி வெயில்ல, உச்சி நேரத்துல வைக்கச் சொல்லுவேன்."

"சரி."

"எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லல. முகத்தைப் பாத்தாலே தெரியுது, மாட்டிக்கிட்ட."

சங்கத்தில் கூரைக்கென்று ஏற்கெனவே நிதி சேர்த்து வைத்திருந்தார்கள். தலைவருடைய திட்டம், பழைய தகரம் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டு, அதன்மேல் நல்ல குங்குமச் சிவப்பு அடிப்பது. அதைப் பேச வைத்த சங்கக் கூட்டத்துக்கு நான் இரண்டு பிஸ்கட் டின்னோடு போனேன். ஒன்றுக்குக் குங்குமச் சிவப்பு, இன்னொன்றுக்கு எங்கள் கம்பெனியின் வெள்ளைப் பூச்சு. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டையும் கார் நிறுத்தும் இடத்தில் வெயிலில் வைத்துவிட்டேன். பாதிக் கூட்டத்தில் எல்லோரையும் வெளியே அழைத்துப் போனேன்.

"வெள்ளையைத் தொட்டுப் பாருங்க அங்கிள்."

தலைவர் தொட்டார். "ம். வெதுவெதுன்னு இருக்கு."

"சிவப்பை லேசா..."

நான் 'லேசா' என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளங்கையை முழுதாக அழுத்திவிட்டார். அப்போது அவர் சொன்ன ஒரு வார்த்தை கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. அப்பா நல்ல செயலாளர்.

சூட்டை ஒத்துக்கொண்டார்கள். பழைய தகரத்தில் முக்கால்வாசி இன்னும் உறுதியாக இருக்கிறது, துருப்பிடித்த தகடுகளை மட்டும் மாற்றினால் போதும், இவ்வளவு இரும்பையும் குப்பைக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னதையும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நிறத்தில் வந்து நின்றுவிட்டது.

"தங்கச்சி, நீ படிச்ச புள்ள. ஆனா கல்யாண மண்டபம்மா இது. தலையில வெள்ளைத் துணியைப் போட்டு மூடுனா பாக்குறவன் என்ன நினைப்பான்?"

"கீழேருந்து பாத்தா கூரையே தெரியாது அங்கிள்."

"மேலேருந்து தெரியும்லா! ஃப்ளாட்ல நம்ம ஜனம்தான் பாதி. என் வீட்டுக்காரி ஒம்பதாவது மாடியில துணி காயப் போடுறவ. தினம் காலையில அதுல முழிக்கணுமா?"

என்னிடம் சூரிய ஒளி பற்றிப் பதில் இருந்தது, தலைவருடைய வீட்டுக்காரியைப் பற்றி இல்லை. அப்போதுதான், எப்போதும் குறிப்பெடுக்க மட்டுமே தலை நிமிராமல் இருக்கும் அப்பா நிமிர்ந்தார்.

"தலைவரே, மாப்பிள்ளை என்ன கட்டிக்கிட்டு மணவறைக்கு வர்றாரு?"

"வேட்டி."

"என்ன நிறம்?"

பதிலையும் அப்பாவே சொன்னார்.

"வெள்ளை வேட்டி. அதுல சிவப்புக் கரை. கூரையும் அப்படியே இருக்கட்டும். மேல வெள்ளை, ஓரத்துல சுத்தி ஒரு முழத்துக்கு நீங்க சொன்ன குங்குமச் சிவப்பு. ரோட்லேருந்து பாக்குறவனுக்குக் கரை தெரியும். ஃப்ளாட்லேருந்து பாக்குறவங்களுக்கு வேட்டி தெரியும்."

அறையில் ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தலைவர் சிவந்த உள்ளங்கையோடு கடைசியாகத் தட்டினார். கரையால் சூடு கொஞ்சம் கூடும் என்று சொல்ல நான் எழுந்தேன். அப்பா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

என் முதலாளி சீனர், சுருக்கமானவர். இது என் அக்கா கல்யாணம், ஆவணி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும், நானே முன்நின்று பார்க்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "போலே," என்றார். மலாயில் முடியும் என்று அர்த்தம். நான் இன்னும் விளக்கிக்கொண்டே இருந்தேன். "போலே லா!" என்றார். போ, விடு என்று அர்த்தம்.

கூரை மேல் ஏறிப் பார்த்தால்தான் கூரையின் குணம் தெரியும். கீழே இத்தனை வருஷமாக வாளி வைத்துப் பிடித்த ஒழுகலுக்கெல்லாம் காரணம் பெரிய ஓட்டைகள் இல்லை. தகட்டை இறுக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது வெயிலில் காய்ந்து, பழைய வடை மாதிரி விண்டு போயிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினோம். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினோம், துருவைச் சுரண்டினோம், தகடும் தகடும் சேரும் இடங்களில் துணிப்பட்டை ஒட்டி அதன்மேல் பூசினோம். ஏணியில் பாதிவரை ஏறி எட்டிப் பார்த்த தலைவர், "என்னம்மா, கூரைக்குக் கட்டுப் போடுறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

கூரையோரத் தண்ணீர்க் கால்வாயைச் சுத்தம் செய்த நாள் ஒரு திருவிழா. மழைநீர் ஓட வேண்டிய இடத்தில் எங்கள் ஃப்ளாட்டே இருந்தது. துணி மாட்டும் கிளிப்புகள், பூப்பந்துகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பட்டம், ஒரு சட்டி மூடி, யாருடையது என்று யாரும் ஒத்துக்கொள்ளாத ஒரு பல்செட். என் துண்டும் இருந்தது. அக்கா பதினோராவது மாடியிலிருந்து கத்தினாள்: "அத எடுத்துட்டு வீட்டுக்குள்ள வந்துடாத!"

வடக்கு மூலைப் படுதாவை எடுக்கப் போனபோது தலைவர் தடுத்தார். குபேர மூலைக்கு மேலே கை வைக்கக் கூடாதாம். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா முன்பே எச்சரித்திருந்தாள்: "அந்த மனுஷன்கிட்ட குபேரன் இல்ல, படுதான்னு சொன்ன, கல்யாணத்துக்கு மண்டபமே கிடைக்காது." அதனால், கழுவிவிட்டுப் பூசுகிறோம், குபேரனுக்கும் கொஞ்சம் சுத்தம் வேண்டாமா என்றேன். சம்மதித்தார். படுதாவை எடுத்தோம், பார்த்து வைத்தாற்போல மழை பிடித்துக்கொண்டு சில நாள் வேலை நின்றது. மழை விட்ட மறுநாள் வெயிலில் தலைவர் தன் செதுக்கு நாற்காலியில் உட்கார்ந்து சட்டை நனைய வியர்த்தார்.

"சொன்னேன்லா? கோவிச்சுக்கிட்டாரு."

பூசி முடித்த பிறகு அவரே உள்ளே நடந்து நடந்து பார்த்துவிட்டு வந்து என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "தங்கச்சி, திரும்பி வந்துட்டாரு. அதுவும் இப்ப எல்லா மூலையிலயும் இருக்காரு."

கடைசிப் பூச்சு காயும் வரை மழை வரக் கூடாது. ஃபோனில் மேகப் படம் பார்த்து வேலை செய்யலாம்தான். ஆனால் அக்காவை விடவா? தாழ்வாரத்தின் மறுகோடியில், கடல் தெரியும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முகத்தில் கடலைமாவு பூசிக்கொண்டு காவல் இருந்தாள். தண்ணீருக்கு அப்பால் கறுத்தால் எனக்கு ஃபோன் வரும்.

"ஏய், கெப்பாலா பத்தாஸ் பக்கம் கறுத்துருச்சு! மூடு மூடு!"

"நிச்சயமாவாக்கா?"

"என் மாமியார் வீட்டுப் பக்கம்டி. எனக்குத் தெரியாதா?"

நாங்கள் ஓடி ஓடி மூடுவோம். மேகம் பாதிக் கடலில் மனம் மாறித் திரும்பிப் போகும். "சும்மா பயம் காட்டுது. அந்த வீட்டு ஆளுங்க மாதிரியே," என்பாள் அக்கா. ஒரு தடவை நிஜமாகவே வந்தது, அன்றைக்கும் தப்பித்தோம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மண்டபம் தயார். கூரைக்கு அடியில் பாறையை உருக்கி நூற்ற பஞ்சுப் பாய்கள் விரித்திருந்தோம். உச்சியில் வெப்பக் காற்றை வெளியே இழுக்கும் சுழல் உருண்டைகள் சுற்றின. நடுவே சில தகடுகளுக்குப் பதிலாக வெளிச்சம் விடும் தகடுகள். பகலில் விளக்கே வேண்டாம். மேலிருந்து பார்த்தால் அப்பா சொன்ன அதே சிவப்புக்கரை வேட்டி. புறாக்கள் இப்போது இஷ்டம்போல் பரவி உட்கார்ந்து வேட்டியை அசிங்கம் செய்தன. வருஷத்துக்கு ஒரு முறை சலவை என்று அப்பா கூட்டக் குறிப்பில் ஏற்றினார்.

கல்யாணத்தன்று காலை தாலி கட்டும் நேரம் நெருங்கியபோது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள். நானும். அக்கா மணவறையிலிருந்து அண்ணாந்து பார்க்காமல், நேராக என்னைப் பார்த்தாள்.

ஒரு சொட்டு விழவில்லை.

நான் கணக்குப் பார்க்காத ஒன்று மட்டும் நடந்தது. பழைய தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவரின் காதில்கூடக் கத்தித்தான் பேச முடியும். எங்கள் சனம் தலைமுறையாக அப்படிக் கத்திப் பழகியவர்கள். பஞ்சுப் பாய் மழைச் சத்தத்தை விழுங்கிவிட்டது என்பதைக் கவனிக்காமல், முன்வரிசையில் இருந்த எங்கள் அத்தை, மழைக்கு வேண்டிய முழுத் தொண்டையில், பக்கத்து அம்மாவிடம் சொன்னாள்:

"மாப்பிள்ளைக்கு முன்னாடி முடி கம்மிதான், இல்ல? போட்டோல தெரியல!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் கை தானாகத் தலைக்குப் போனது. மேளக்காரர் அனுபவஸ்தர், யாரும் சைகை காட்டாமலே கெட்டிமேளத்தை முழக்கிவிட்டார். தாலி அந்தச் சத்தத்திலேயே ஏறியது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். மேக்கப் மூக்குக்கு மேலேதான் இருந்தது.

மழை விட்டு, வெயில் வெளுத்து, முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று எல்லாம் ஓடியது. என்னை நிறையப் பேர் பாராட்டினார்கள். "ஏர்கோன் போட்டீங்களா?" என்று ஒருவர் இயந்திரத்தைத் தேடினார். நான் வெற்றிலைத் தட்டோடு மிதந்துகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

எங்கள் மண்டபத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. காலையில் ஒரு கல்யாணம், மாலையில் இன்னொன்று. பாயசம் வரும் நேரத்துக்குத் தகரம் பழுத்துவிடும். வந்தவர்கள் வாழையிலையை மடித்த கையோடு, "வர்றோம், வர்றோம்" என்று ஓட்டமாக ஓடுவார்கள். யாரும் யாரையும் போகச் சொல்ல வேண்டியதில்லை. கூரையே சொல்லிவிடும். மண்டபத்தை நேரத்துக்குக் காலி செய்து மாலைக்காரர்களிடம் கொடுப்பதுதான் அப்பாவின் பெருமை. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது அப்பா இல்லை, வெயில் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. நான் அந்த வெயிலைத்தான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. சித்தப்பாக்கள் நாற்காலியை எதிரெதிராகப் போட்டுக் கால் நீட்டித் தூங்கினார்கள். பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். சூலியா தெருவில் எந்தக் கடையில் புடவை மலிவு என்று அத்தைகள் வட்டம் போட்டு ஆராய்ந்தார்கள். குபேர மூலையில் தலைவர் குறட்டை. வெளியே முகப்புக் கொட்டகையில், நாங்கள் தொடாத பழைய தகரத்துக்கு அடியில், மாலைக் கல்யாணக்காரர்கள் பூ வளைவோடு நின்றுகொண்டிருந்தார்கள். மணமகனின் உறவினர்கள் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ் பிடித்து, பாலம் தாண்டி வந்துவிட்டார்கள். அந்தக் கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் சீர்த்தட்டைக் கையில் ஏந்தியபடி வியர்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா செயலாளராக ஒரு அடி முன்னால் வைப்பார். ஒரு விருந்தாளி மரியாதைக்காக லேசாக எழுந்து, "அப்ப நாங்க கிளம்பட்டுமா?" என்பார். உடனே செயலாளர் மறைந்து பெண்ணைப் பெற்றவர் வந்துவிடுவார்.

"என்ன அவசரம்? இருங்க, இருந்துட்டுப் போலாம்!"

இது இத்தனை வருஷமாக எல்லாப் பெண் வீட்டாரும் சொல்லும் வார்த்தை. சொன்னால், கேட்டவர் போய்விட வேண்டும். அதுதான் வழக்கம். இன்றைக்குக் கேட்டவர்கள் எல்லோரும், "அதுவும் சரிதான், நல்லா காத்து வருது," என்று மறுபடி உட்கார்ந்தார்கள். அப்பா ஆளுக்கு ஆள் போய், ஒவ்வொருவரையும் தன் வாயாலேயே உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அப்படிச் சொல்லாதீங்கப்பா!"

"வேற என்ன சொல்றது? மக கல்யாணத்துல வந்தவங்கள எந்திரிச்சுப் போங்கன்னா சொல்லுவேன்?"

நான் மெல்லப் போய் மின்விசிறிகளை அணைத்தேன். "நல்லதாப் போச்சு, ஃபேன் காத்து எனக்கு ஆகாது," என்று ஒரு மாமா புரண்டு படுத்தார். என் வேலையின் தரத்தை அதைவிட உறுதியாக யாரும் சொன்னதில்லை. நான் சந்தோஷப்படும் நிலையில் இல்லை. வாசலில் அந்தத் தாய்மாமன், "செயலாளர் எங்க? அவரு வாக்குக் குடுத்தாருலா!" என்று கேட்பது, என் புண்ணியத்தில், மண்டபத்தின் மறுகோடி வரை தெளிவாகக் கேட்டது. அப்பா காது கேட்காதவர் போல் சந்தனக் கிண்ணத்தைத் துடைத்தார்.

அக்கா என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். போய்க் குனிந்தேன்.

"என்ன, உன் கூரை ரொம்ப நல்லா வேலை செய்யுதா?"

"கிண்டல் பண்ணாதக்கா. அப்பா மானம் போகுது."

"தெரியுது. எல்லாரும் எந்திரிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பொண்ணு கிளம்பணும்."

அக்கா மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவது சாயங்காலம் என்று பேச்சு. அதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்து, உடை மாற்றி, அறையில் நானும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு மீதி ஜாங்கிரியைத் தின்பதாக ஒரு திட்டம் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஐயர் ஃபோனைத் தட்டிப் பார்த்து, இப்போதும் நல்ல நேரம்தான் என்றார்.

"அழுறேன், பாரு," என்று கண்ணடித்துவிட்டு அக்கா எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தொடங்கியது நடிப்பாகத்தான். அம்மா நிஜமாக அழுதாள். அதைப் பார்த்து அக்காவுக்கும் நிஜமாகிவிட்டது. பொண்ணு அழுகிறாள் என்றதும் சித்தப்பாக்கள் தூக்கத்திலிருந்து எழுந்தார்கள், அத்தைகள் புடவையை விட்டார்கள், தலைவர் குபேரனை விட்டார். மொத்த மண்டபமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தது. அப்பா கடைசியாக, வாசற்படியில் நின்று அழுதுகொண்டே, ஒரு கையால் பின்பக்கக் கதவைக் காட்டித் தாய்மாமனுக்குச் சைகை செய்தார். சீர்த்தட்டு அந்த வழியாக உள்ளே நுழைந்தது. பூ வளைவு பின்னாலேயே போனது.

காரில் ஏறிய அக்கா கண்ணாடியை இறக்கினாள். கண்மை கன்னம் தாண்டித் தாடை வரை வந்திருந்தது.

"இது உன் கணக்குல சேராது," என்றாள். "கூரைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

கார் போய்விட்டது.

வழியனுப்பியவர்கள் முகப்புக் கொட்டகையில் நின்று மறுபடி கதை பேசப் பார்த்தார்கள். பழைய தகரம் தன் வேலையைச் செய்தது. கர்ச்சீப்புகள் வெளியே வந்தன. "வர்றோம், வர்றோம்" என்று எல்லோரும் ஓடினார்கள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கவலையோடு பேசினார். "குளுகுளுன்னு இருக்கு, மறுக்கல. ஆனா இனிமே ஒரு கல்யாணமும் முடியாது போலிருக்கே. பாதிக் கூரைக்கு மட்டும் சிவப்பு அடிச்சிடலாமா தங்கச்சி?"

நான் அதற்குள் வேறு ஒன்று யோசித்து வைத்திருந்தேன். மண்டபத்தின் பக்கவாட்டில் மோட்டார்சைக்கிள் நிறுத்தும் நீளக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் தகரத்துக்கும் அதே வெள்ளை. மூன்று பக்கமும் திறந்தபடி. வெயில் படும் பக்கம் மட்டும் கொடி படர ஒரு வலை. பெரிய கூரையின் மழைநீர் முழுவதையும் கால்வாய் வழியாக ஒரு தொட்டிக்குக் கொண்டுவந்து, அண்டா கழுவவும் கொடிக்கு ஊற்றவும் வைத்துக்கொள்ளலாம். மண்டபத்தைவிட அந்தக் கொட்டகை ஒரு மாற்றாவது அதிகக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முக்கியமாக, சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணி அங்கே மட்டும்தான்.

கூட்டம் ஒத்துக்கொண்டது, அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இனி யாரையும் போகச் சொல்ல வேண்டாம், இருக்கவும் சொல்ல வேண்டாம். இரண்டு நாளாகக் குளியலறையிலிருந்து அவர் ஒத்திகை பார்ப்பது கேட்கிறது: "வாங்க வாங்க, கொட்டகைக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிப்போம்! அங்க இன்னும் காத்து நல்லா வரும்!" 'வாங்க' என்று அழைத்தே வெளியே அனுப்பும் வித்தை. இன்னும் குரலில் கொஞ்சம் செயலாளர் தெரிகிறார். அதைத்தான் சரி செய்துகொண்டிருக்கிறார்.

அக்கா கெப்பாலா பத்தாஸிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறாள். கொட்டகை தயாரானதும் முதல் தேத்தண்ணிக்கு வருகிறாளாம். எனக்குத் தர வேண்டிய ஜாங்கிரி பாக்கி இருக்கிறதாம். கூடவே, மாமியார் வீட்டு மாடி அறை அடுப்பு மாதிரி இருக்கிறது, கூரை ஓடு கறுப்பு, வரும்போது அளவு எடுக்கும் டேப் கொண்டு வா என்றும்.

அது அதற்கப்புறம். நாளைக் காலை முதலில் மோட்டார்சைக்கிள்களை நகர்த்த வேண்டும். அதில் ஒன்று தலைவருடையது. எந்த மூலையில் நிறுத்தியிருக்கிறார் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.